படிவத்தில் இல்லாத கட்டம்: வெளிநாட்டு நிதித் திட்டங்கள் எப்படித் தேர்வாகின்றன?

2005 பிப்ரவரியில் கடலூர் சோனாங்குப்பத்துக்குக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். சுனாமி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தார் என் கையில் படிவக் கட்டும் அட்டையும் பேனாவும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். படிவத்தில் ஒரு கேள்வி, 'எந்த வகைப் படகு தேவை?' அதன் கீழே மூன்று கட்டங்கள்: கட்டுமரம், ஃபைபர் படகு, இன்ஜின் வைத்த ஃபைபர் படகு. உடைந்துபோன தன் கட்டுமரத்தின் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்த பெரியவர் நான் படித்ததைக் கேட்டுவிட்டு, "படகு எத்தினி வேணாலும் வரட்டும் தம்பி. முகத்துவாரம் தூந்து கெடக்குதே, அத தோண்டச் சொல்லு மொதல்ல" என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

அந்த டிக் இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஒரு ஊருக்கு வெளியிலிருந்து பணம் வரும்போது, அது எதற்கு வரவேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்கிறார்கள்? அமைச்சரும் வங்கி அதிகாரியும் கையெழுத்துப் போட்டுக் கை குலுக்கும் படம் பேப்பரில் வருகிறதே, அன்றைக்கு எதுவும் முடிவாவதில்லை. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கும். முதல் காகிதத்தை யாரோ ஒருவர் எழுதிய நாளிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடும் என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளலாம். உதவி என்று சொல்கிறோம், ஆனால் அதில் பெரும்பகுதி கடன். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து உலக வங்கி ஒதுக்கிய 46.5 கோடி டாலர் கடன்தான், வட்டி குறைவு, தவணை நீளம், அவ்வளவுதான். ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கொடுத்த 20 கோடி டாலரில் பாதி மானியம், பாதி கடன். திருப்பிக் கட்டப்போவது நாம்தான் என்பதால், 'கொடுக்கிறவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளவேண்டும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தியாவில் ஒரு மாநில அரசு நேராக வெளிநாட்டில் கடன் வாங்க முடியாது. அரசியலமைப்பின் 293வது பிரிவு, மாநிலங்கள் இந்திய எல்லைக்குள்தான் கடன் வாங்கலாம் என்கிறது. அதனால் கடலூருக்கு ஒரு திட்டம் வேண்டுமென்றால் காகிதம் பெரிய சுற்று சுற்றவேண்டும். மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீசிலிருந்தோ துறையின் மண்டல அலுவலகத்திலிருந்தோ கிளம்பும் யோசனை சென்னையில் துறைச் செயலரிடம் போகும். அங்கே முதல்கட்டத் திட்ட அறிக்கையாக மாறும். மாநில நிதித்துறை தலையாட்டவேண்டும். அப்புறம் டெல்லி. அந்தந்த மத்திய அமைச்சகமும் நிதி ஆயோக்கும் கருத்துச் சொல்லும். 2015க்கு முன்னால் அந்த இடத்தில் திட்டக்குழு இருந்தது. கடைசியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறையில் ஒரு குழு சலித்து எடுக்கும். எந்த வங்கியிடம் எந்தத் திட்டத்தைக் கொண்டுபோவது என்பதும் அங்கேதான் முடிவாகிறது. யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு டெல்லியின் கை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும்.

2005க்குப் பிறகு ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. பன்னிரண்டாவது நிதிக்குழு பரிந்துரைத்தபடி, வெளிநாட்டுக் கடனை அது வந்த நிபந்தனையிலேயே மாநிலத்தின் தலையில் ஏற்றத் தொடங்கினார்கள். அதற்கு முன் பெரும்பாலான மாநிலங்களுக்கு 70 சதவீதம் கடனாகவும் 30 சதவீதம் மானியமாகவும் மாற்றிக் கொடுப்பார்கள். இப்போது வட்டி குறைவின் லாபமும் மாநிலத்துக்கு, டாலர் ஏறினால் நஷ்டமும் மாநிலத்துக்கு. 2005ல் 44 ரூபாய் வாக்கில் இருந்த டாலர் 2024ல் 83ஐத் தாண்டியது. ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மாநில நிதித்துறை கணக்குப் பார்ப்பதில் தப்பே இல்லை. பார்க்காவிட்டால்தான் கவலைப்படவேண்டும்.

டெல்லி ஒப்புக்கொண்ட பிறகு வங்கியின் சுற்று தொடங்கும். அடையாளம் காணுதல், தயாரிப்பு, மதிப்பீடு, பேச்சுவார்த்தை, நிர்வாகக் குழுவின் ஒப்புதல் என்று அதற்குப் படிகள் உண்டு. படிகளைவிட அவற்றில் எது தேறுகிறது, எது தேறுவதில்லை என்பதுதான் கவனிக்கவேண்டிய விஷயம்.

அந்தப் பெரியவர் சொன்ன முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்வோம். கடிலமும் உப்பனாறும் கடலில் சேருகிற இடத்தில் மணல் மூடுகிறது. படகு வெளியே போகவும் உள்ளே வரவும் சிரமம். அலை அடிக்கிற நாளில் மணல்மேட்டில் தட்டினால் படகு புரண்டுவிடும். இதைத் தோண்ட ஆகிற செலவு, ஒரு பெரிய வங்கியின் கண்ணுக்கு மிகச் சிறிய தொகை. ஐந்து கோடி ரூபாய்த் திட்டத்துக்கும் ஐநூறு கோடித் திட்டத்துக்கும் வங்கி ஆட்கள் செய்யவேண்டிய வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: அதே ஆய்வு, அதே அறிக்கை, அதே தணிக்கை. அதனால் சின்னத் தேவை தனியாகப் பயணம் போகாது. 'கடலோர மேம்பாடு' மாதிரி ஒரு பெரிய மூட்டைக்குள் ஒரு வரியாக ஏறினால்தான் போகும். அந்த வரியை ஏற்றிவிட மூட்டை கட்டுகிற நேரத்தில் யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும்.

அடுத்தது, தோண்டுவது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. அடுத்த பருவத்தில் மணல் திரும்ப வந்துவிடும். கடன் கொடுக்கிறவர்களுக்குப் பிடித்தது ஒருமுறை கட்டி முடித்து, படம் பிடித்து, கணக்கை மூடக்கூடிய வேலை. தடுப்புச் சுவர், ஏலக்கூடம், சாலை, பாலம் எல்லாம் சரி. வருஷா வருஷம் தூர் வாருவதும் மோட்டாரைப் பழுதுபார்ப்பதும் மாநிலத்தின் பாடு. மாநில பட்ஜெட்டிலோ பராமரிப்புக்குத்தான் முதல் வெட்டு விழும். நம்மூர்ப் பக்கம் வெளிநாட்டு நிதியில் எழும்பிய எத்தனையோ கட்டடங்கள் பூட்டிக் கிடப்பதற்கு நான் பார்த்தவரை இதுதான் முக்கியக் காரணம்.

இதற்கும் மேல் ஒரு கணக்கு இருக்கிறது. போடுகிற பணத்துக்குச் சமூகத்துக்கு எவ்வளவு பலன் திரும்பும் என்று வங்கிகள் சதவீதத்தில் பார்க்கும். ஆசிய வளர்ச்சி வங்கி நெடுங்காலம் 12 சதவீதத்தை அளவுகோலாக வைத்திருந்து, 2017ல் அதை 9 ஆகக் குறைத்தது. கணக்குப் பார்ப்பது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் எது எண்ணிக்கையாக மாறுகிறதோ அதுதான் கணக்கில் ஏறும். தானே புயலுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்தன. விழுந்த கம்பம் எத்தனை, இருட்டில் கிடந்த நாள் எத்தனை, நின்றுபோன தொழில் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. 2013ல் உலக வங்கி ஒப்புதல் கொடுத்த 23.6 கோடி டாலர் கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் கடலூர் நகருக்குப் பூமிக்கடியில் மின்கேபிள் பதிக்கும் வேலை இடம்பிடித்தது. நல்ல வேலை, வேண்டிய வேலை. ஆனால் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முதுநகரிலிருந்து ஊர் ஊராக மீன் விற்கப் போகும் பெண், ஐஸ் கிடைக்காமல் பாதி மீனை மலிவாகத் தள்ளிவிடுகிறாளே, அந்த நஷ்டத்தை எந்த அலுவலகமும் எண்ணி வைத்திருக்கவில்லை. எண் இல்லாததால் காகிதமும் இல்லை.

பேரிடர் வந்தால் இந்தச் சுற்றெல்லாம் சுருங்கிவிடும். 2004 டிசம்பர் 26ல் சுனாமி. 'எங்களால் சமாளிக்க முடியும்' என்று சொல்லி வெளிநாட்டு அரசுகளின் நேரடி நிவாரண உதவியை அப்போது இந்தியா தவிர்த்தது. ஆனால் மறுசீரமைப்புக்குப் பன்னாட்டு வங்கிகளை அழைத்தது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. மூன்றும் சேர்ந்து மதிப்பிட்ட அறிக்கை 2005 மார்ச்சில் வந்தது, மே மாதம் உலக வங்கி ஒப்புதல் கொடுத்துவிட்டது. சாதாரண நாளில் இரண்டு வருஷம் இழுக்கிற வேலை நான்கு மாதத்தில் முடிந்தது. இந்த வேகம் உயிரைக் காக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் கேட்கிற நேரமும் அதில் சுருங்கிப்போகிறது.

தொண்டு நிறுவனங்கள் பக்கம் நடந்தது இதைவிடக் கண்ணுக்குத் தெரிந்த கதை. உலகெங்கும் மக்கள் அள்ளிக் கொடுத்த பணம் அவர்களிடம் குவிந்திருந்தது, குறிப்பிட்ட காலத்துக்குள் செலவு செய்து கணக்குக் காட்டியாக வேண்டும். ஃபைபர் படகு அதற்கு வாகானது. ஆர்டர் கொடுத்தால் சில வாரத்தில் வரும், பக்கவாட்டில் பெயர் எழுதலாம், வரிசையாக மணலில் நிறுத்திப் படம் எடுக்கலாம். தமிழ்நாட்டுக் கரையில் பல ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிடப் படகுகள் கூடிப்போயின. கட்டுமரத்தில் இரண்டு மூன்று பேராகப் போனவர்கள் தனித்தனிப் படகுக்காரர்கள் ஆனார்கள். படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை, டீசல் செலவு கூடியது, கடலில் மீன் மட்டும் கூடவில்லை. அடுத்த ஆண்டு நான் அந்தப் பக்கம் போனபோது இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் படகைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அடியில் ஆடு கட்டியிருந்தது. அந்தப் படகு என் டிக்கினால் வந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

பட்டியல் யார் கையில் இருந்தது என்பதும் சேர்ந்தே வருகிறது. மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. அவர்கள் கொடுத்த பட்டியல் வேகமாகவும் தெளிவாகவும் இருந்தது, அதனால் வேலை நடந்தது. ஆனால் கழிமுகத்தில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிற இருளர் குடும்பங்கள், மீன் சுமக்கிற தலித் குடும்பங்கள், படகே இல்லாதவர்கள், கணவனை இழந்த பெண்கள் எனப் பலர் பல இடங்களில் முதல் பட்டியல்களில் விடுபட்டுப்போனார்கள். படகை இழந்தவருக்குப் படகு என்பது நியாயமாகத்தான் கேட்கும். இழப்பதற்குப் படகே இல்லாதவருடைய பிழைப்பும் அதே அலையில்தான் போனது.

கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்கு நம் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டில் பழுப்பு நிலக்கரி இருப்பது தெரிந்து, நாமே துளையிட்டு, சோதனைச் சுரங்கம் தோண்டி, 1956ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஆரம்பித்தோம். அந்தக் காலத்தில் பொதுத்துறைக் கனரகத் தொழிலுக்குப் பணம் தர அமெரிக்கா தயங்கியது. பொகாரோ உருக்காலைக்கு அமெரிக்க உதவி கைநழுவ, சோவியத் யூனியன் அதை எடுத்துக்கொண்டது. நெய்வேலியில் 600 மெகாவாட் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது, 1962ல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவரவர்க்கு அவரவர் காரணம்: ஒருவருக்குப் பனிப்போர், இன்னொருவருக்கு இயந்திர வியாபாரம். ஆனால் திட்டம் நம்முடையதாக இருந்தது. நம் காகிதம் தயாராக இருந்ததால் வெளியாரை அதற்குள் பொருத்திக்கொள்ள முடிந்தது. நிலம் கொடுத்த கிராமங்களிடம் அந்தக் காகிதம் எவ்வளவு கேட்டது என்ற கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. வளையமாதேவியில் 2023ல் நெய்வேலிச் சுரங்க வேலைக்காக விளைந்த நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

காகிதம் அவர்களுடையதாக இருந்தால் என்ன ஆகும்? 1980களில் பிரிட்டன் 6.5 கோடி பவுண்டு உதவி என்று சொல்லி 21 வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர்களை இந்தியாவுக்குக் கொடுத்தது. பணம் பிரிட்டனிலிருந்து கிளம்பி பிரிட்டிஷ் கம்பெனிக்கே போனது. இரண்டு விழுந்து ஆட்கள் செத்தார்கள், மிச்சத்தைப் பறக்கவிடாமல் நிறுத்திக் கடைசியில் மலிவாகத் தள்ளிவிட்டார்கள். மலேசியாவின் பெர்காவ் அணைக்கு அதே பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு கொடுத்ததன் பின்னணியில் ஆயுத விற்பனை இருந்தது. 1994ல் லண்டன் நீதிமன்றம் அந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியாவும் இன்று கொடுக்கிற நாடுதான். எக்சிம் வங்கி என்கிற ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழியாக ஆப்பிரிக்காவுக்கும் அண்டை நாடுகளுக்கும் கடன் வசதி கொடுக்கிறோம், பொதுவாக அதில் 75 சதவீதப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்து வாங்கவேண்டும் என்பது நிபந்தனை. பிறர் நமக்குச் செய்தபோது வலித்தது, நாம் செய்யும்போதும் அங்கே யாருக்கோ வலிக்கும் என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

யாரிடம் வாங்குவது என்பதிலும் அரசியல் புகுந்துவிடும். டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடா 1980களில் தென்னார்க்காடு மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உதவியது. விவசாயம் செய்யும் பெண்களுக்கான தான்வா பயிற்சியும் டென்மார்க் பணத்தில் நடந்ததுதான். 1998ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் ஜப்பான் உட்படப் பல நாடுகள் உதவியை நிறுத்தின. 2003ல் இந்தியாவே, பெரிய அளவில் தருகிற சில நாடுகளிடம் மட்டும் நேரடி உதவி வாங்குவோம் என்று முடிவெடுத்தது. பணம் வந்தபோதும் நின்றபோதும் காரணம் தென்னார்க்காட்டில் இல்லை.

புதுச்சேரியில் வேறு மாதிரித் தேர்வு ஒன்று நடந்தது. 2018ல் ஸ்மார்ட் சிட்டி நகரங்களுக்கிடையே சிட்டிஸ் என்ற பெயரில் போட்டி வைத்தார்கள். பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் 10 கோடி யூரோ கடன், கூடவே ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு. நகரங்களே திட்டம் எழுதி அனுப்பவேண்டும். தேறிய 12 நகரங்களில் புதுச்சேரியும் ஒன்று, வசதி குறைந்த குடியிருப்புகளை மேம்படுத்துவது அதன் திட்டம். பிரெஞ்சுப் பாசம் என்று ஊரில் சிலர் பேசிக்கொள்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. நகரம், தண்ணீர், பருவநிலை ஆகியவை அந்த முகமை எல்லா நாட்டிலும் வைத்திருக்கும் பட்டியல். போட்டி முறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஊரே உட்கார்ந்து எழுதவேண்டி வருகிறதே. ஆனால் நன்றாக எழுதத் தெரிந்த நகரம் ஜெயிக்கும், எழுத ஆளில்லாத சின்ன ஊர் தேவை அதிகமாக இருந்தும் வெளியே நிற்கும்.

முதல் காகிதம் சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிச்சாவரம் இருக்கிறது. தில்லையும் சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த அந்தக் காட்டில் பெரும்பகுதி அழிந்து மொட்டையாகக் கிடந்தது. சுற்றுக் கிராமத்தார் விறகுக்கு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்பதுதான் வழக்கமான விளக்கம். அதையே முதல் காகிதத்தில் எழுதியிருந்தால் வேலியும் காவலரும்தான் திட்டமாகியிருக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கூப்பு விட்டுப் பகுதி பகுதியாக மரத்தை மொட்டையடித்த இடங்களில் வெயில் நேராக விழுந்து, சேறு காய்ந்து அமுங்கி, தரை கிண்ணம் மாதிரிக் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறி, எந்தக் கன்றும் பிழைக்காமல் செய்தது. வைத்தியம் வாய்க்கால்தான்: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் மாதிரி இரு பக்கமும் கிளைகள். தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, நட்ட வெண்கண்டல் பிழைத்தது. 1990களில் இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதி அமைப்பின் பணம் இந்த வேலைக்கு வந்தது. கிராமத்தாரையும் வனத்துறையையும் சேர்த்து உட்காரவைத்தார்கள், ஏனென்றால் அந்த வாய்க்காலும் தூரும், யாராவது வாரிக்கொண்டே இருக்கவேண்டும்.

இனி நம் ஊருக்கு ஒரு வெளிநாட்டுக் கடன் திட்டம் வருகிறதென்று செய்தி வந்தால் கையெழுத்து விழாவுக்குக் காத்திருக்காதீர்கள். நிர்வாகக் குழு ஒப்புதலுக்கு முன்னாலேயே உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் திட்டச் சுருக்கத்தையும் சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்பு அறிக்கைகளையும் இணையத்தில் போட்டுவிடுகின்றன. கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாகவேண்டும், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அறிக்கையில் எழுதியாகவேண்டும். அறிவிப்பு ஒரு மூலையில் ஒட்டப்பட்டிருக்கும். தேடிப் போகவேண்டும்.

தானே புயலுக்குப் பிறகு அப்படி ஒரு கூட்டம், ஒரு கல்யாண மண்டபத்தில். அதிகாரி ஒருவர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் எழுந்தார். "எல்லாம் நல்லா சொல்றீங்க சார். ஏலம் உடற எடத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிச்சம் இல்ல. பொம்பளைங்க ஒதுங்க ஒரு எடம் இல்ல. அதையும் எழுதிக்குங்க." அவர் உட்காரவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து எழுதி முடிக்கிறவரை அப்படியே நின்றார். "என்ன எழுதினீங்க, படிங்க சார்" என்றார். அதிகாரி படித்தார். வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. "இன்னொண்ணு" என்றார் அந்த அம்மா, அதையும் எழுதவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.